மாத்திரைப் புட்டியின் மூடி

தையற்கூடத்தில் அவளுக்குக் கத்திரிக்காரி என்றே பெயர். எட்டு மடிப்புத் துணியை நூல் பிசகாமல் ஒரே மூச்சில் வெட்டுகிற கை. மூட்டு வீக்கம் வந்தபோதும் மாத்திரை அதை அடக்கி வைத்திருந்தது. இந்த இரண்டு மாதமாகத்தான் விரல்கள் மறுபடி உப்பிக்கொண்டு, கத்திரியின் வளையத்துக்குள் நுழையமாட்டேன் என்கின்றன. சூப்பர்வைசர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டான், அடுத்த மாதமும் இப்படியே இருந்தால் வேலை கிடையாது என்று.

இன்று டாக்டர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, "மாத்திரையை ஏம்மா நிறுத்தினீங்க?" என்றார்.

"நீங்கதானே போன்ல மாத்தச் சொன்னீங்க? இப்ப மீன் எண்ணெய் மாத்திரைதான் போடறேன்."

"நான் சொல்லவே இல்லையே!"

ஞாயிறுதோறும் வாரத்துக்கான மாத்திரையைப் பிரித்துவைப்பது புருஷன்தான். புட்டியின் மூடியை அழுத்தித் திருகித் திறக்க அவள் விரலுக்குத் தெம்பில்லை. டாக்டர் போனில் மாத்திரையை மாற்றச் சொன்னார் என்று அவன் சொன்னான், நம்பினாள். கட்டிய புருஷனைச் சந்தேகப்படவா முடியும்?

வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டாள். அவன் அசரவே இல்லை.

"உன் நல்லதுக்குத்தான் செஞ்சேன். அந்த மாத்திரை ஈரலைக் கெடுத்துடுமாம். மீன் எண்ணெயே வீக்கத்தை வத்த வச்சிடும்னு வீடியோவில சொன்னாங்க."

"மீன் நல்லதுன்னு டாக்டரும்தான் சொன்னாரு. பொரிச்சதை விட்டேன், வாரம் ரெண்டு நாள் மீன் சாப்பிட்டேன். மாத்திரையோட சேர்த்துத்தாங்க அதெல்லாம்! மாத்திரைக்குப் பதிலா இல்ல. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டா நீ ஒத்துக்கமாட்டியே."

அந்தப் பதிலில் அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. அவள் கை, அவள் வேலை, முடிவு மட்டும் இவனுடையது! அலமாரிக்கு மேலே பழைய மாத்திரைப் புட்டி பிரிக்காமலே இருந்தது. எடுத்து மூடியை அழுத்தினாள். வலி தோள்வரை ஏறியது. மூடி கடகடவென்று சும்மா சுற்றியதே தவிரத் திறக்கவில்லை.

"குடு, நான் திறக்கறேன்" என்று கை நீட்டினான்.

கொடுக்கவில்லை. புட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தெருமுனை மருந்துக் கடைக்கு நடந்தாள்.

"இதைத் திறந்து, லேசா திறக்கிற மூடி ஒண்ணு போட்டுக் குடுங்க."

கடைக்காரர் அவள் விரல்களைப் பார்த்தார். "வீட்ல திறந்து குடுக்க ஆள் இல்லையாம்மா?"

"இல்லை" என்றாள்.