நட்டின் மேல் சிவப்புக் கோடு

ஆயத்த ஆடைத் தொழிற்கூடத்தில் அவர் கட்டிங் மாஸ்டர். துணியின் மேல் அவர் சாக்பீஸால் கோடு போட்டால் கத்தரி அதைவிட்டு மயிரிழை விலகாது. அந்தக் கை மோட்டார் சைக்கிளுக்கும் போதும் என்பது அவர் நினைப்பு. மெக்கானிக்குகளை அவர் நம்புவதில்லை. நல்லதைக் கழற்றிக்கொண்டு சொத்தையை மாட்டிவிடுவார்கள் என்பார். வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்து எல்லாவற்றையும் தானே பார்ப்பார்.

கொஞ்ச காலமாக வண்டி அவர் பேச்சைக் கேட்கவில்லை. ஆயில் மாற்றினார், விடிந்தால் அடியில் ஆயில் குளம் கட்டியிருந்தது. பிரேக்கைச் சரிசெய்தார், நாலு தெரு தாண்டுவதற்குள் மிதி தொளதொளத்தது. நாம்தான் கவனப்பிசகாக விட்டுவிட்டோமோ என்று ஒரு கணம் தோன்றும். அந்த நினைப்போடு அவரால் அதிக நேரம் உட்கார முடியவில்லை. மாடி அறையில் மச்சினன் இருந்தான்.

மனைவியின் தம்பி. புது வேலைக்கு வந்தவன், வேறு இடம் அமையும்வரை என்று தங்கியிருந்தான். வந்த புதிதில் ஒருமுறை வண்டியைக் கேட்டான். இவர் சாவியைச் சட்டைப்பைக்குள் தள்ளிக்கொண்டார். அன்று அவன் முகம் வாடாமல் சிரித்துக்கொண்டே போனதுதான் இப்போது நெஞ்சில் முள்ளாக உறுத்தியது. சுருக்கென்று கோபித்திருந்தால் மனிதன் என்று நம்பலாம். அதற்குப்பின் இவர் சாக்கில் உட்காரும்போதெல்லாம் அவன் படிக்கட்டில் நின்று, "என்ன மாமா, காஜா எடுக்கிறீங்களா, பட்டன் கட்டுறீங்களா?" என்று கேட்பான். குத்தலா விளையாட்டா என்று பிரிக்க முடியாத குரல்.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனைவியைத் தினமும் காலையில் இவர்தான் பின்னால் உட்காரவைத்துக் கொண்டுபோய் விடுவார். என்னைக் கவிழ்க்க நினைப்பவனுக்கு அக்கா பின்னால் இருப்பது தெரியாதா? இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. தட்டின் முன் குனிந்து, மச்சினனின் விரல் நகங்களில் கிரீஸ் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

விடுமுறையன்று பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டும்போதுதான் அந்த யோசனை வந்தது. நட்டின் முகத்திலிருந்து அது ஏறியிருக்கும் அச்சின் முனைவரை குறுக்கே ஒரு கோடு. யாராவது நட்டை அசைத்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். மனைவியின் சிவப்பு நகப்பூச்சை எடுத்துவந்து, கண்ணில் பட்ட நட்டுக்கெல்லாம் கோடு இழுத்தார். கோடுகள் அழகாக விழுந்தன. எதற்கு என்று அவள் கேட்டதற்கு, சும்மா என்றார்.

மறுநாள் காலை, திருப்பத்தில் வண்டியின் பின்பக்கம் பாம்பாக நெளிந்தது. மனைவி அவர் இடுப்பை இறுகப் பிடித்தாள். எப்படியோ காலூன்றி நிறுத்தினார். குனிந்து பார்த்தால், அச்சு நட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவில் நகம் நுழையும் இடைவெளி. அவர் அதைத் தொடவில்லை; சாட்சியைக் கலைக்கக் கூடாதென்று பிள்ளைத்தாய்ச்சியை நடத்துவதுபோல வண்டியை வீடுவரை தள்ளிவந்தார். மச்சினனைக் கீழே கூப்பிட்டார். அவன் ஈரத்தலையோடு வந்தான். ராத்திரி கீழே வந்தாயா என்று கேட்டார். எதற்கு வரவேண்டும் என்றான் அவன்.

"உங்கக்கா உட்கார்ற வண்டிடா இது. வாரம் முடியறதுக்குள்ள வேற இடம் பாத்துக்க."

மச்சினன் முகத்திலிருந்த சிரிப்பு அப்போதும் முழுதாகப் போகவில்லை. ஏதோ கேலி என்றுதான் நினைத்தான் போலும். அக்காள் சக்கரத்தருகே முட்டிபோட்டு உட்கார்ந்தாள்.

"கோடு உடையவே இல்லையே," என்றாள். "காஞ்சப்புறம் லேசா பட்டாலே இது செதில் செதிலா உதிரும். பாத்திரம் தேய்க்கிறவ எனக்குத் தெரியாதா?"

அவர் எட்டிப் பார்த்தார். நட்டிலிருந்து அச்சுவரை ஒரே ஓட்டமாக, கீறல் விழாத கோடு. அப்போதும் மனம் பின்வாங்கவில்லை; இன்னொரு கதவைத் திறந்தது.

"அப்ப திரும்பப் பூசினது யாரு? பாட்டில் உன்னோடதுதானே?"

அவள் திரும்பிப் பார்த்தாள். மச்சினனின் சிரிப்பு அப்போதுதான் அணைந்தது.

அப்போது, யாரும் கேட்காமலே, அவருடைய வலதுகைக்கு நினைவு வந்தது. துணி மேசையில் முதலில் கோடு, மற்றதெல்லாம் பிறகுதான். கோடு விழுந்துவிட்டால் பாதி வேலை முடிந்ததாக அந்தக் கைக்குப் பழக்கம். கழற்றிய அச்சு நட்டை விரலால் ஏற்றி வைத்ததுமே பூச்சைத் தொட்டுக் கோடு இழுத்திருக்கிறது. ஸ்பானரை எடுக்கவே இல்லை. ஆயில் போல்ட்டும் பிரேக் நட்டும்கூட, அப்போது கோடு இல்லாமலே, விரலால் ஏற்றியதோடு நின்றிருக்கும்.

"நான்தான்," என்றார். "முறுக்கல."

அவர் ஸ்பானரைப் பொருத்தி அழுத்தினார். நட்டு ஏறுமுன்பே கோடு பொரிந்து சாக்கின் மேல் உதிர்ந்தது. கை நிற்காமல் முறுக்கிக்கொண்டே இருந்தது. பிறகு எழுந்து, நிமிர்ந்து பார்க்காமல், எங்கும் போகவேண்டாம், இங்கேயே இரு என்று மச்சினனிடம் சொன்னார்.

மச்சினன் அக்காவின் பக்கம் திரும்பினான்.

"அக்கா, சாயங்காலம் ரூம் பாக்கப் போறேன். வர்றியா?"

"வர்றேன்," என்றாள் அவள்.