பீப்பாக் கழுவும் பிரிவு, 1992

அன்று அந்த மேசையில் இருந்தவர்கள் ஐந்து பேர். தலைப்பக்கத்தில், பியர்க் குவளைகள் அடுக்கிய தட்டோடு, அருங்காட்சியகத்தைச் சுற்றிக் காட்டிய வெள்ளைக்காரப் பெண். அவளுக்கு வலப்பக்க வாங்கில் நவரத்தினம், அவருக்குப் பக்கத்தில் மனைவி நகுலேஸ்வரி. இடப்பக்க வாங்கில் கனகாம்பிகை, அவளை அடுத்து மகன் தர்சிகன். நவரத்தினமும் மனைவியும் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார்கள். சுவரைப் பார்த்தபடி இருந்தவர்கள் தாயும் மகனும்தான்.

இருந்த ஒழுங்கு மாறியிருந்தால் நவரத்தினம் முந்திக்கொண்டு எதையாவது செய்திருப்பார்.

தேம்ஸ் ஓரத்தில் இருநூறு வருடம் பியர் காய்ச்சிய ஆலை அது. இப்போது காய்ச்சுவதில்லை, காட்டுகிறார்கள். செப்புக் கொதிகலன்களைத் துலக்கி வைத்திருந்தார்கள். முளைகட்டிய பார்லியை ஒரு பெட்டியில் போட்டு, அள்ளி மணந்து பார்க்கச் சொன்னார்கள். கடைசியில் ஆளுக்கு நாலு சின்னக் குவளை ருசி பார்க்க.

"புரட்டாதிச் சனி விரதம் எனக்கு," என்றாள் நகுலேஸ்வரி. "சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரிக்கிற நாளிலை பியர்க் கடையிலை கொண்டுவந்து இருத்திப்போட்டான் இந்தப் பெடியன்."

"மாமி, உங்களுக்கு ஒரேஞ் யூஸ் சொல்லியிருக்கு," என்றான் தர்சிகன். "கொஞ்சம் பொறுங்கோ. நான் ஏன் கூட்டிக்கொண்டு வந்தனான் எண்டு இப்ப தெரியும்."

அவனுடைய தகப்பன் ஸ்ரீஸ்கந்தராஜா செத்து ஒரு வருடம், ஆட்டைத் திவசம் போன மாதம்தான் முடிந்தது. நவரத்தினம் தகப்பனின் பழைய கூட்டாளி. அப்பா கலியாணத்துக்கு முந்தி ஒரு பியர் ஆலையில் வேலை செய்தவர் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அருங்காட்சியகத்தின் இணையப் பக்கத்தில், பழைய தொழிலாளர் படப் பட்டியலில் அப்பாவின் பெயரைக் கண்டிருக்கிறான். படம் அங்கே இல்லை, பெயர் மட்டும்தான். அப்பாவின் இளவயதுப் படம் ஒன்றுகூட, கலியாணப் படம்கூட, வீட்டில் மிஞ்சவில்லை. ஒருவருக்கும் சொல்லாமல் டிக்கெட் எடுத்துவிட்டான்.

"பின்னாலை பாருங்கோ மாமா."

நவரத்தினம் திரும்பினார். தட்டில் ஒரேஞ் யூஸைத் தேடிக்கொண்டிருந்த நகுலேஸ்வரி திரும்பவில்லை. சுவரில், ஆவி பறக்கும் பீப்பா ஒன்றைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் வரை சப்பாத்தும் தடித்த மீசையுமாக ஒருவன் நின்றான். கீழே எழுதியிருந்தது: எஸ். ஸ்ரீஸ்கந்தராஜா, பீப்பாக் கழுவும் பிரிவு, 1992.

நின்றவன் நவரத்தினம்.

"அப்பாவுக்கு இவ்வளவு முடி இருந்ததோ?" தர்சிகன் எழுந்து படத்துக்குக் கிட்டப் போனான். "அம்மா, மூக்கைப் பாருங்கோ. என்ரை மூக்கு."

கனகாம்பிகை மூக்கைப் பார்க்கவில்லை. படத்தையும் அதற்குக் கீழே இருந்த மனிதரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஓம் தம்பி," என்று மட்டும் சொன்னாள்.

படத்தின் பிரதி ஒன்று வேண்டும் என்று தர்சிகன் கேட்டான். தரலாம், சந்தோசமாகத் தரலாம் என்றாள் அந்தப் பெண். ஆனால் படத்தில் இருப்பவர் இன்னார்தான் என்று, அவரை அந்தக் காலத்தில் தெரிந்த ஒருவர் கையெழுத்து வைத்துக் கடிதம் எழுத வேண்டும், அது இங்கத்தைய விதி.

"அதுக்கென்ன," என்றாள் நகுலேஸ்வரி. "லண்டன் தமிழாக்களின்ரை பாதிக் காயிதம் இவர் எழுதினதுதானே. கவுன்சிலுக்கு எழுதுவார், பெனிபிட்டுக்கு எழுதுவார், எனக்குத்தான் ஒருநாளும் ஒண்டும் எழுதேல்லை."

எல்லோரும் சிரித்தார்கள். நவரத்தினமும் சிரித்தார்.

வெளிமுற்றத்தில் மகன் காரை எடுக்கப் போனான். நகுலேஸ்வரி கழிவறையைத் தேடிப் போனாள். கனகாம்பிகை கிட்ட வந்தாள்.

"நவம் அண்ணை, அது நீங்கள்."

"ஓம் தங்கச்சி."

"அவரின்ரை பேரிலை."

"எனக்கு அப்ப அகதிக் கேஸ் முடியேல்லை. வேலை செய்ய அனுமதி இல்லை. சிறீயின்ரை வேலைக் கார்ட்டிலைதான் செய்தனான். பத்து மாசம்."

அந்த நாளில் அப்படிச் செய்யாதவர்களை எண்ணுவதுதான் சுலபம். கனகாம்பிகைக்கும் அது தெரியும். அவள் கேட்டது வேறு.

"அப்ப அந்தப் பத்து மாசமும் அவர் எங்கை இருந்தவர்?"

நவரத்தினம் கல் பாவிய தரையைப் பார்த்தார். ஞாயிறுதோறும் இரண்டு பஸ் மாறிப் போன ஆஸ்பத்திரி வார்டு கண்முன் நின்றது. மருந்தில் வீங்கிய முகத்தோடு சிறீ கட்டிலில் இருந்து அவருடைய மணிக்கட்டைப் பிடித்திருந்தான். 'மண்டை குழம்பிக் கிடந்தனான் எண்டு ஒருத்தருக்கும் சொல்லாதை மச்சான். ஊரிலை அறிஞ்சால் ஆர் எனக்குப் பொம்பிளை தருவினம்? நான் செத்தாலும் சொல்லாதை.' அந்தப் பிடியின் மேல் கை வைத்துச் சத்தியம் பண்ணியாயிற்று. வேலைக் கணக்கில் இடைவெளி விழாமல் இருக்கத்தான் சிறீ கார்ட்டையே நீட்டினான்.

"வேறை பொம்பிளை ஆரும் இருந்ததோ?" என்றாள் கனகாம்பிகை.

"இல்லை. கோயிலிலை வேணுமெண்டாலும் சொல்லுவன். இல்லை."

"அப்ப எங்கை?"

அவர் கார் வரும் வழியைப் பார்த்தார்.

"ஆருக்கும் சத்தியம் பண்ணினீங்களோ?"

"ஓம்."

"அவருக்கோ?"

"ஓம்."

"செத்த மனிசனுக்கு வைச்ச மரியாதை எனக்கு இல்லை." அவள் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "இருபத்தெட்டு வருசம் சமைச்சுப் போட்டனான் அண்ணை. ஒரு 'இல்லை'யை வைச்சுக்கொண்டு நான் என்ன செய்ய?"

கார் வந்து நின்றது. ஏறுமுன் சொன்னாள், "பெடியனுக்கு எழுதிக் குடுங்கோ. அவனாவது தேப்பனைக் கண்டதாய் இருக்கட்டும்."

திங்கட்கிழமை காலை, ஸ்ட்ரெதம் வீட்டின் சாப்பாட்டு மேசையில் நவரத்தினம் தாளை விரித்தார். வலப்பக்க மேல்மூலையில் விலாசம், அதன் கீழ் திகதி, இடப்பக்கம் பெறுநர், நடுவில் விடயம், அடிக்கோடு. பள்ளிக்கூடத்தில் யோகராஜா மாஸ்டர் பழக்கிய ஒழுங்கு. ஒன்று: நான் காலஞ்சென்ற திரு. ஸ்ரீஸ்கந்தராஜாவை 1991 முதல் அறிவேன். அது உண்மை. இரண்டு: அவர் எனது நெருங்கிய நண்பர். அதுவும் உண்மை. மூன்றாவதில் பேனை நின்றது.

இது நான் என்று எழுதினால், சிறீ எங்கே இருந்தான் என்று மகனும் கேட்பான். பிறகு இரண்டு பேருக்கும் முன்னால் வாய்பொத்தி நிற்க வேண்டும். மூன்று: படத்தில் காணப்படுபவர் அவரே என உறுதிப்படுத்துகிறேன். எழுதிவிட்டு, கீழே தன் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்து வைத்தார்.

பிறகு இன்னொரு தாள் எடுத்தார். திகதி போட்டார். 'அன்புள்ள தங்கச்சி கனகாம்பிகைக்கு' என்று எழுதினார். கவுன்சிலுக்கு எத்தனை கடிதம், உள்நாட்டு அமைச்சுக்கு எத்தனை கடிதம். தட்டாமல் எழுதிய கை. 'அவர் ஒரு பிழையும்' என்று தொடங்கி வெட்டினார். 'நான் சொல்லக்கூடியது' என்று தொடங்கி அதையும் வெட்டினார். சொல்லக்கூடியதை முற்றத்திலேயே சொல்லி முடித்தாயிற்று.

"என்ன, ஒரு காயிதத்துக்கு அரை நாளோ?" குசினியிலிருந்து நகுலேஸ்வரி கேட்டாள். "தபால்காரன் பெட்டி திறக்க வந்திடுவான்."

"முடிஞ்சுது."

இரண்டாவது தாளை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். முதலாவதை உறையில் இட்டு, விளிம்பை நாக்கால் நனைத்து, உள்ளங்கையால் இரண்டு முறை அழுத்தி ஒட்டினார். முத்திரையைக் கோணாமல் ஒட்டினார். சந்தியில் இருந்த சிவப்புப் பெட்டியின் வாயில் உறையைப் பாதி வரை செருகி, கனகாம்பிகைக்கு ஒரு போன் எடுத்தால் என்ன என்று நினைத்தார். எடுத்தால் எதைச் சொல்வது? பின்னால் ஒரு கிழவி கையில் கடிதத்தோடு காத்து நின்றாள். அவர் உறையை விட்டார்.