பரிசு வாங்கிய தாள்

வீட்டில் எனக்கு ரேடியோ என்று பெயர். வைத்தது அக்கா. வாய் ஓயாத எனக்குத் தொடர்பியல் முதுகலையில் இடம் கிடைத்தபோது, "இந்த வாய்க்குப் பட்டம் வேற குடுக்கப் போறாங்களா!" என்று தையல் மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

இரண்டாம் ஆண்டில் ஒரு சிறப்புப் பாடம் எடுக்க வேண்டும். இதழியல், விளம்பரம், நிறுவனத் தொடர்பு, உடல்நலத் தொடர்பியல் என்று படிவத்தில் நான்கு கட்டங்கள். டிக் போட்டால் போட்டதுதான், பிறகு மாற்ற முடியாது. நான் விளம்பரம் என்று எப்போதோ முடிவு கட்டிவிட்டேன். பின்னே? நான் செய்த தாள்தானே துறையில் முதல் பரிசு வாங்கி அறிவிப்புப் பலகையில் தொங்குகிறது! அது அக்காவுக்காகச் செய்தது. ஒரு கண்ணில் புரை எடுத்துவிட்டு வந்தவளுக்கு, எந்தச் சொட்டு மருந்தை எப்போது விட வேண்டும் என்று சொல்லும் அட்டவணை. வெளிர் மஞ்சள் தாள், மெல்லிய சாம்பல் எழுத்து, ஓரமெல்லாம் சிவப்புப் பூ. "கண்ணுக்கு என்ன குளிர்ச்சி!" என்று விளம்பரப் பேராசிரியர் சொன்னதிலிருந்து என் கால் தரையில் பாவவில்லை.

படிவம் கொடுக்க அன்று மாலை ஆறு மணி கடைசி. அதற்கு முன் ஒரு பயிற்சி பாக்கி இருந்தது. உடல்நலத் தொடர்பியல் மேடம் கொடுத்தது. நாம் எழுதியதை ஒருவர் பயன்படுத்தும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், எழுதியவர் வாயே திறக்கக் கூடாது. எனக்கு இதைவிடப் பெரிய தண்டனை உண்டா? "உன்னால முடியாதுடி" என்றாள் அக்கா. அந்த வீம்புக்கே காலை எட்டு மணிக்கு நோட்டோடு முக்காலியில் போய் உட்கார்ந்தேன். ஆபரேஷன் முடிந்து அன்று பன்னிரண்டாம் நாள்.

அக்கா வெள்ளை மூடி மருந்தை விட்டாள். மூச்சு விடுவதற்குள் நீல மூடியையும் விட்டாள். நடுவில் ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டும் என்று தாளில் இருக்கிறது. மூடியைத் திருகிக்கொண்டே, "இனி மத்தியானம், சாயங்காலம், படுக்கப் போறப்ப" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். நாலு தடவை முதல் வாரத்துக்குத்தான். இப்போது வெள்ளை மூடி இரண்டே தடவை.

பயிற்சியாவது மண்ணாவது!

"அக்கா, தாளப் பாத்துத்தான விடுறே?"

"பின்ன?"

பலகையில் இருப்பது பிரதிதான், அசல் தாள் வீட்டுச் சுவரில் இருந்தது. கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தாள். துணி தைக்க வருகிறவர்களிடமெல்லாம் தங்கச்சி செய்தது என்று காட்டுவாள். அதைக் கழற்றி அவள் கையில் கொடுத்தேன்.

"படி."

கிட்டே வைத்தாள், எட்ட வைத்தாள், ஜன்னல் பக்கம் திருப்பினாள். "பூவெல்லாம் அழகா இருக்குடி" என்றாள்.

"எழுத்து?"

சட்டத்தை மடியில் கவிழ்த்து வைத்தாள். "ஆஸ்பத்திரில சொன்னது பாதி ஞாபகம் இருந்துச்சு. அத வச்சு விட்டுக்கிட்டேன். ஊரே பாராட்டி நீ பரிசு வாங்கியிருக்கே. எனக்கு ஒரு எழுத்தும் தெரியலன்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு சொல்றது?"

ஊசியில் நூல் கோத்துப் பிழைக்கிறவள் கண் அது. பார்வை மங்கியவளுக்கு மங்கலான எழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் பரிசும் வாங்கிய மகாமேதை நான். வெட்கமாக இருந்தது. யார் மேலாவது எரிந்து விழ வேண்டும் போலிருந்தது, என்னைத் தவிர ஆளில்லை.

கையோடு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் நெடுநேரம் பார்த்தார். கண்ணில் அழுத்தம் ஏறியிருக்கிறது, வெள்ளை மூடியைக் குறைத்தால் இறங்கிவிடும் என்றார். இன்னும் சில வாரம் இப்படியே விட்டிருந்தால் சொல்ல முடியாது என்றும் சொன்னார். திரும்பும் வழியெல்லாம் நான் பேசவில்லை.

"என்னடி, ரேடியோ ரிப்பேரா?" என்றாள் அக்கா. அழுதுவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் வெட்டு மேஜைக்கு அடியில் கிடந்த கறுப்புத் துணியை எடுத்து விரித்தேன். துணியில் அளவுக் குறி போடும் வெள்ளைச் சாக்கட்டியால், கை அகலத்துக்கு ஒவ்வொரு எழுத்தாகப் போட்டேன். காலை எட்டு, மாலை ஆறு. வெள்ளை. அஞ்சு நிமிஷம் பொறு. நீலம். பூ கிடையாது. அதை ஆணியில் மாட்டிவிட்டு, வாயை இறுக மூடிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தேன். அக்கா மிஷின் அருகில் இருந்தபடியே கடகடவென்று படித்தாள்.

"பாக்க சகிக்கல. ஆனா நல்லாத் தெரியுதுடி."

துறை அலுவலகம் மூடப் பத்து நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தேன். பலகையில் தொங்கிய தாளைக் கழற்றிப் பைக்குள் திணித்தேன். உடல்நலத் தொடர்பியல் கட்டத்தில் டிக் போட்டேன். காரணம் எழுத ஐந்து வரி விட்டிருந்தார்கள். "என் அக்காவால் படிக்க முடியவில்லை" என்று எழுதினேன்.

கிளார்க் படிவத்தைப் பின்பக்கமும் திருப்பிப் பார்த்தார். "பக்கம் பக்கமா எழுதுற ஆளாச்சே, இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் சார்."

வெளியே வந்தபோது ஆறு அடித்து இரண்டு நிமிடம் ஆகியிருந்தது. மனசு கேட்கவில்லை, ஃபோன் போட்டேன். "அக்கா, வெள்ளை விட்டியா? உடனே அடுத்தத விட்டுடாத, அஞ்சு..."

"இன்னும் மூணு நிமிஷம் இருக்கு. அதான் துணியில போட்டிருக்கேல்ல? நீ வாய மூடிட்டு ஃபோன வை."

வைத்தேன். துறைப் படிக்கட்டில் உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, மூன்று நிமிடமும் வாயைத் திறக்காமல் இருந்தேன்.