மூடிக்குள் இருந்த காசு

"இது வேணாண்ணே. இது ரொம்பப் பளபளன்னு சிரிக்குது."

"காசு சிரிக்குதா? காலையிலேர்ந்து நாப்பது காசு பாத்துட்ட. எனக்கு அழுகையே வருது" என்றார் பழைய காசுக் கடைக்காரர்.

மாயம் அசரவில்லை. மாயம் என்பது தெரு வைத்த பெயர். வித்தை காட்டுகிறவனுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? அவனுக்கு வேண்டியது மூன்றே மூன்று வெள்ளிக்காசுகள். ஆனால் மூன்றும் அவன் கையிலிருந்த ஓட்டுக்குக் கூடப்பிறந்தவை போல இருக்கவேண்டும்.

ஓடு என்றால், கடைசல் பட்டறைக்காரர் ஒரு காசின் வயிற்றைக் குடைந்தெடுத்துச் செய்து கொடுத்தது. இன்னொரு காசின் மேல் மூடிபோலக் கவிழ்த்தால் கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும். இரண்டும் சேர்ந்து ஒற்றைக் காசாகத் தெரியும். விரலால் லேசாக நகர்த்தினால் ஒன்று இரண்டாகும், மூன்று காசு நான்காகும், பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள்.

ஓடு புகையேறியது போலக் கறுத்திருந்தது. அதிலிருந்த முகத்தின் மூக்கு தேய்ந்து மழுங்கியிருந்தது. அதே கறுப்பு, அதே மூக்கு வேண்டும். ஒவ்வொரு காசையும் ஓட்டின் பக்கத்தில் வைத்து, வாசல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துத் தள்ளினான்.

"பொண்ணு பாக்கக்கூட இவ்வளவு நேரம் ஆகாதுப்பா."

"பொண்ணு மூக்கு முன்னபின்ன இருந்தா சமாளிக்கலாம்ணே. இதுல மாட்டிக்குவேன்."

மாட்டிக்கொள்ளவே கூடாது. மறுநாள் நான்கு மணிக்கு அவன் வித்தையைப் பார்க்க ஓட்டல் மேனேஜர் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தார். அவருக்குப் பிடித்துவிட்டால் தினமும் சாயங்காலம் இரண்டு மணிநேரம் சாப்பிட வருகிறவர்களுக்கு வித்தை காட்டுவதுதான் வேலை. பகலெல்லாம் அக்காவின் பக்கத்திலேயே இருக்கலாம். பிடிக்காவிட்டால் குளிர்பதனக் கிடங்கில் பன்னிரண்டு மணிநேர ஷிப்ட். இடுப்புக்குக் கீழே அசையாத அக்கா விடுதிக்குப் போகவேண்டியதுதான். அந்த விடுதியை இரண்டு பேரும் போய்ப் பார்த்திருந்தார்கள். ஒரே கூடத்தில் முப்பது கட்டில்.

வாங்கி வந்த காசுகளை அவள் கட்டிலோரம் உட்கார்ந்து பழகிக் காட்டினான்.

"மூணுதானேடா வச்சிருந்த? நாலு எப்படி வந்துச்சு? எங்கிட்ட மட்டும் சொல்லேன்."

"பெத்தவ கேட்டாலும் சொல்லமாட்டேன்."

"வளத்தவ கேக்குறேன்டா, எருமை."

"அப்ப சத்தியமாச் சொல்லமாட்டேன்." சிரித்துக்கொண்டே ஓட்டை மூடி, மூன்று காசாக்கிப் பையில் போட்டு அவள் தலைமாட்டில் வைத்தான். வித்தை வீட்டுக்குள்ளும் வித்தையாகவே இருக்கவேண்டும். அது அவன் பிடிவாதம்.

மறுநாள் முடிவெட்டி, சட்டைக்கு இஸ்திரி போட்டு வாங்கி வந்தபோது மணி மூன்றரை. பை அக்காவின் தலையணைமேல் முடிச்சுப் போட்டுத் தயாராக இருந்தது.

"ஜெயிச்சுட்டு வாடா" என்றாள். பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு ஓடினான்.

மேனேஜரும் தலைமைச் சமையல்காரரும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். பையை மேசைமேல் கவிழ்த்தான். மூன்று காசும் புதுப் பாத்திரம் போலப் பளபளத்தன. நேற்றுவரை கறுத்திருந்த காசுகள். ஆனால் மூன்றும் ஒரே பளபளப்பு. ஒத்துப்போகிறதே, போதும் என்று கை தானாக வேலையைத் தொடங்கிவிட்டது. நின்று யோசிக்க நேரமில்லை. ஒன்று, இரண்டு, மூன்று. விரலால் நகர்த்தினான். நான்கு.

மூன்று சிரித்தன. நான்காவது கரிக்கட்டை.

அக்காதான் காசுகளைத் தேய்த்து வைத்திருக்கிறாள். ஆனால் அவள் தேய்த்தது ஓட்டின் வெளிப்பக்கத்தை. உள்ளே ஒளிந்திருந்த காசின் முகத்துக்கு அவள் கை எட்டவில்லை. உள்ளே ஒரு முகம் இருப்பதே அவளுக்குத் தெரியாது. தெரியவிடாதவன் அவன்தான்.

மேனேஜர் குனிந்து ஓட்டை எடுத்துத் திருப்பினார். உள்ளே வெறும் பள்ளம்.

"என்ன தம்பி, டப்பா மூடியா?"

சமையல்காரர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "நம்ம கிச்சன்லயே நெறைய கெடக்கு சார்."

பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் மிச்சமிருந்தது. யாருக்கும் அது வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்குள் கால் வைத்ததுமே அக்கா கேட்டாள். "மின்னுச்சாடா? எத்தனை மாசமா உனக்கு ஒண்ணுமே செய்யாம கெடக்கேன். கறுத்த காசோட போறானேன்னு பல்பொடி போட்டுத் தேச்சேன். கை விட்டுப்போச்சு போ."

நீட்டிய கைகளைப் பார்த்தான். பத்து நகக்கண்ணிலும் கறுப்பு.

"சூப்பரா மின்னுச்சுக்கா."

"அப்ப வேலை?"

"அந்தாளுக்கு வித்தையே பிடிக்காதாம்."

"பிடிக்காதவன் எதுக்குக் கூப்பிட்டானாம்?" கூரையைப் பார்த்தாள். "அப்ப... அந்த விடுதிக் கட்டில்தானா?"

அவன் தலையாட்டினான்.

திங்கட்கிழமை விடுதியில் அவள் துணிகளை அடுக்கிவிட்டு எழுந்தான். இருபத்திரண்டாம் நம்பர் கட்டில். கிடங்கில் முதல் ஷிப்டுக்கு இன்னும் ஒரு மணிநேரம்தான். அக்கா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அந்த நாலாவது காசு எங்கேர்ந்துடா வந்துச்சு? இப்பவாவது சொல்லிட்டுப் போயேன்."

ஓட்டைக் காட்டினால் போதும், அவளுக்கு வேறெதுவும் விளக்க வேண்டாம். தன் கைதான் தன்னை இந்தக் கட்டிலில் கொண்டுவந்து போட்டது என்று அந்த நிமிடமே புரிந்துவிடும்.

"சொல்லமாட்டேன் போ" என்றான். சிரிக்கவும் செய்தான். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். கடைசிவரை தம்பி தன்னை வெளியாளாகவே வைத்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டாள்.

நீங்களே சொல்லுங்கள், அவன் சொல்லியிருக்க வேண்டுமா, வேண்டாமா? அந்த இடத்தில் நீங்கள் நின்றிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?