பிடித்த பின்னும் சாகாத பந்து

"பிடிச்ச பந்தை ஆரும் திரும்ப வானத்துக்குக் குடுப்பினமோ?"

"அத்தான், காணும், விடுங்கோ."

"பிடி அருமையான பிடியடா. நான் எழும்பி நிண்டு கை தட்டினனான். பக்கத்தில இருந்த வெள்ளைக்காரி என்னை ஒரு மாதிரிப் பார்த்தவ."

ரஜிதனுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கவும் களைப்பாக இருந்தது. மனுரேவாவில் இரவு வேலை முடித்து நேராக மைதானத்துக்கு வந்தவன். நெஞ்சில் நியூசிலாந்து என்று எழுதிய சட்டை வியர்வையில் ஒட்டிக்கிடக்க, காரின் முன் இருக்கையில் சாய்ந்திருந்தான். அவனுடைய அக்காவின் கணவர் கதிர்காமநாதன் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டிருந்தாரே தவிர, காரைக் கிளப்பவில்லை.

பிஜியோடு மூன்று பேஸ்பால் ஆட்டங்கள். முதலாவதை நியூசிலாந்து வென்றிருந்தது. இன்றைய இரண்டாவது ஆட்டம் கடைசிவரை சமநிலையில் இருந்தது. அப்போதுதான் உயர எழும்பிய ஒரு பந்தை ரஜிதன் ஓடிப்போய்ப் பிடித்தான். பிடித்ததும், மவுண்ட் ரோஸ்கில் பூங்காவில் தமிழர் அணிக்குக் கிரிக்கெட் விளையாடும்போது செய்வதுபோல, பந்தை மேலே எறிந்துவிட்டுக் கைகளை விரித்து ஓடினான். மற்றவர்கள் கத்தியதை மகிழ்ச்சி என்று நினைத்தான்.

கிரிக்கெட்டில் பிடித்தவுடன் பந்து செத்துவிடும். இங்கே சாவதில்லை. ஓடுபவர்கள் தொடவேண்டிய மூன்றாம் தளத்தில் காத்து நின்ற பிஜிக்காரன், பந்து புல்லில் உருளும் நேரத்தில் ஓடி வந்து ஓட்டம் எடுத்துவிட்டான். அந்த ஒரு ஓட்டத்தால் தோல்வி.

"உன்ரை கோச் பீற்றர் ஏசினவரோ?"

"இல்லை. போய் நித்திரை கொள் எண்டவர்."

"அப்ப முடிஞ்சுது. நாளைக்கு உன்னை விளையாட விடாமல் வாங்கிலதான் இருத்துவார். நல்லதுதானே, வீட்டை போய்ப் படு. அக்கா புட்டு அவிச்சு வைச்சிருக்கிறா."

பயிற்சியாளர் பீற்றர்தான் அவனை அந்தப் பூங்காவில் கண்டுபிடித்தவர். எல்லைக் கோட்டிலிருந்து அவன் எறிந்த பந்து நேராக விக்கெட் காப்பாளரின் கைக்குப் போனதைப் பார்த்து, வேலியைத் தாண்டி வந்து பெயர் கேட்டார். எந்த ஊரிலிருந்து வந்தாய் என்று கேட்கவில்லை.

"அத்தான், வேலை, வகுப்பு, சாமான் தூக்கினது, எல்லாம் வேற வழியில்லாமல் செய்தனான். இது ஒண்டுதான் ஆசைப்பட்டுச் செய்தது."

"ஆசைக்கு நித்திரை வேண்டாமோ?"

கண் எரிந்தது. அத்தான் சொல்வதுபோல வீட்டுக்குப் போய்விட்டால், நாளை யாரும் அவனைத் தேடப் போவதில்லை. அந்த எண்ணம் ஒரு கணம் இதமாகக்கூட இருந்தது. பிறகு பயமாக இருந்தது. கதவைத் திறந்து இறங்கினான்.

"எங்கையடா?"

"வாறன். ஒரு நிமிசம் நில்லுங்கோ."

தூறல் தொடங்கியிருந்தது. மைதானத்தின் மறுபக்கத்தில் பீற்றர் தள மெத்தைகளைப் பிடுங்கிச் சேற்றைத் தட்டி, ஒவ்வொன்றாகத் தன் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். அவருக்கு வயதாகிவிட்டது போலத் தெரிந்தது. ரஜிதன் கிட்டப் போய், மிஞ்சியிருந்த தளத்தைத் தூக்கிக் கொடுத்தான். அவர் அதை வாங்கினார். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

வரும் வழியில் ஆங்கிலத்தில் கோர்த்து வைத்திருந்த விளக்கங்கள் ஒன்றும் வாயில் வரவில்லை.

"பீற்றர், நாளைக்கு என்னை விளையாட விடுங்கள்."