கடல்நீர் சொட்டிய சடை

நவம்பரில் வீடுகளின் வெப்பக்குழாய்களில் சுடுநீர் திறந்துவிட்ட அதே வாரத்தில், ஜீலின் நகரத்துப் பள்ளி வளாகமொன்றில் கொதிநீர்க்கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்த தோங் யாச்சினின் மகள் ஷாவ்ருய்யின் சடையிலிருந்து கடல்நீர் சொட்டத் தொடங்கியது. அந்த வருடம் கோஸ் மலிவு. வழக்கம்போல எல்லாரும் குளிர்காலத்துக்கு வாங்கி மாடிப்படி ஓரமாக அடுக்கியிருந்தார்கள். ஷாவ்ருய் ஏறி இறங்கிய வழியெல்லாம் இலைகள் நனைந்தன. அதை அலசாமல் ஊறுகாய்ச் சாடியில் போட்டவர்கள், உப்பு தூக்கலாக இருக்கிறதே என்று முகம் சுளித்தார்கள். சொட்டுவது உப்புநீர் என்பது அப்படித்தான் தெரியவந்தது. கடலோ எங்களுக்கு ரயிலில் ஓர் இரவுப் பயணம். ஊருக்குள் ஓடும் சுங்ஹுவா ஆறு அணையின் புண்ணியத்தில் தை மாதக் குளிரிலும் உறையாமல் ஆவி பறக்க ஓடும் என்றாலும், அதில் ஒரு கல் உப்பு கிடையாது.

இதற்கெல்லாம் காரணம் வெளிநாட்டு டீச்சர் என்று பின்னால் தெரிந்தபோதும் அவள்மேல் யாருக்கும் பெரிய கோபம் வரவில்லை. வந்து இறங்கிய நாளிலிருந்து அவள் பட்ட பாட்டை நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். பெயர் நெரிஸ். இருபத்திரண்டு வயது. பிரிட்டனின் மேற்குக் கரையில் ஏதோ மீன்பிடி ஊர். ஆகஸ்ட் கடைசியில், வெளிநாட்டார் விவகாரங்களைக் கவனித்த பீ மிங்தே அவளை ரயிலடியிலிருந்து அழைத்து வந்து, தோங் யாச்சின் வீட்டுக்கு மேலே மூன்றாவது மாடியில் குடிவைத்தார். இரண்டு வெந்நீர் ஃபிளாஸ்க்கும் பூப்போட்ட பஞ்சு ரஜாயும் ஒரு பூட்டும் கொடுத்து, ஏதாவது வேண்டுமென்றால் கூச்சப்படாமல் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு ஒரு வாரம் கண்ணிலேயே படவில்லை. அவள் முட்டையையும் வாழைப்பழத்தையும் தின்றே செப்டம்பரை ஓட்டினாள். அவள் பின்னால் சின்னப் பிள்ளைகள் ‘ஹலோ’ என்று கத்திவிட்டு ஓடின. கடைவீதியில் அவள் பைக்குள் எட்டிப் பார்த்து, இன்றைக்கும் முட்டைதானா என்று பெண்கள் வருத்தப்பட்டார்கள். சைக்கிள் வாங்கிய வாரமே திருட்டுப் போனது. சம்பளம் எவ்வளவு, ஏன் கல்யாணம் ஆகவில்லை, கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று போகிற வருகிறவர்களெல்லாம் கேட்டார்கள். கடைசிக் கேள்விக்கு மட்டும் அவள் தரையைப் பார்த்துக்கொண்டு ‘யாருமில்லை’ என்றாள். ஒற்றைப் பிள்ளை, எங்கள் பிள்ளைகளைப் போல என்று எங்களுக்குப் பிடித்துப்போனது. இருட்டத் தொடங்கினால் படிக்கட்டில் உட்கார்ந்து சத்தம் வராமல் அழுவாள். வெந்நீர் பிடிக்க ஃபிளாஸ்க்கோடு கொதிநீர்க்கூடத்துக்கு அழுதுகொண்டு வந்தவளிடம் ஒருநாள் தோங் யாச்சின், “அழுறதா இருந்தா இங்க வந்து அழு டீச்சர். கொதிகலன் சத்தத்துல ஒருத்தருக்கும் கேக்காது,” என்றாள். பாஷை பாதிதான் புரிந்திருக்கும். ஆனாலும் மறுநாளிலிருந்து கரிக்குவியலுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார ஆரம்பித்தாள். தோங் யாச்சின் கணவனை இழந்தவள், வாய் கொஞ்சம் அதிகம், கை அதைவிட தாராளம். டீச்சருக்குப் பாலாடைக்கட்டி கிடைக்காதது ஒன்றுதான் குறை என்கிற அளவுக்கு அவளைத் தேற்றிவிட்டாள்.

அக்டோபரில் பிள்ளைகள் ஆங்கிலப் பெயர் கேட்டார்கள். புதிதாக வரும் டீச்சர் வகுப்புக்கே பெயர் வைப்பது வழக்கம். ஒருவருக்கு வைத்ததை இன்னொருவர் தொடமாட்டார்கள். நெரிஸ் தெரிந்த பெயர்களையெல்லாம் கொடுத்து, சித்தப்பா பிள்ளைகள், ஊர்த் தபால்காரர் என்று போய், தாத்தா வளர்த்த நாயின் பெயரைக்கூட ஒரு பையனுக்குச் சூட்டிவிட்டாள். அவனுக்குத்தான் பெயர் ரொம்பப் பிடித்தது. கடைசி பெஞ்சில் சன்னலோரம் ஷாவ்ருய் எழுந்து நின்றபோது கையில் ஒன்றும் மிச்சமில்லை. டீச்சர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, ‘பெதன்’ என்றாள்.

அவர்கள் ஊரில் செத்தவர்களின் பெயரைச் சின்னவர்களுக்கு வைப்பது பாசத்தில் சேர்த்தி. எங்களிடத்தில் போய்ச் சேர்ந்த பாட்டன் பெயரில் ஓர் அசையைக்கூடப் பிள்ளைக்கு வைக்கமாட்டோம், கூப்பிட்டால் யார் திரும்புவார் என்று சொல்ல முடியாது. வளாகத்தில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். அவள் கேட்கவுமில்லை, அது யாருடைய பெயர் என்று சொல்லவுமில்லை.

சடையில் நீர் சொட்டியபோது முதலில் சந்தோஷப்பட்டவர் தலைமையாசிரியர்தான். ஏனென்றால் கூடவே ஷாவ்ருய்யின் வாயில் ஆங்கிலம் பிறந்த வீட்டுப் பேச்சாக வரத் தொடங்கியிருந்தது. பெஞ்சுக்கடியில் ஒரு வாளி வைக்கச் சொன்னார். மாகாணப் பேச்சுப் போட்டிக்குத் துண்டோடு அனுப்பினார். அவள் முதல் பரிசோடு வந்ததும், சான்றிதழைச் சட்டம் போட்டு ஈரம் படாத சுவராகப் பார்த்து மாட்டினார். வீட்டில் வேறு கதை. ‘ஷாவ்ருய்’ என்று கூப்பிட்டால் பெண் திரும்புவதில்லை. படுக்கையைத் தட்டினால் மணல் கொட்டியது. விரல் நுனிகள் வெகுநேரம் துணி துவைத்தவளுடையதைப் போலச் சுருங்கியே இருந்தன, உதடு நீலம் பாரித்துவிட்டது. வெளியே போனால் சடை விறைத்துக் குச்சியாகிவிடும். ஒரு பையன் விளையாட்டாக வளைத்தபோது அது பாதியில் முறிந்து கையோடு வந்தது. ஆஸ்பத்திரியில் தலைக்குத் தடவ மருந்து கொடுத்தார்கள். டிசம்பரில் ஒருநாள் பெண் அடுப்படிக்கு வந்து, “அம்மா, குளிருது,” என்றாள். எங்கள் பேச்சில்தான் சொன்னாள். தன் மகள் ஒருநாளும் அந்த ராகத்தில் சொன்னதில்லை என்று தோங் யாச்சினுக்குத் தெரியும். ஆனாலும் பெற்றவள், குளிருது என்று ஒரு பிள்ளை வந்து நின்றால் என்ன செய்வாள்? ரஜாயை எடுத்துப் போர்த்தினாள்.

பிறகு, உயிர் விலகிப்போன பிள்ளையைத் திரும்ப அழைக்க ஊரில் எல்லாரும் செய்வதையே அவளும் செய்தாள். பொழுது சாயும் நேரத்தில் மகளின் சட்டையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று, “ஷாவ்ருய், வீட்டுக்கு வாடி!” என்று கூப்பிட்டாள். கூப்பிடும் ஒவ்வொரு முறையும் உள்ளே இருக்கும் ஒருவர் ‘வந்துட்டா’ என்று பதில் கொடுக்கவேண்டும். அதற்குப் பக்கத்து வீட்டுக் குவோ அத்தை உட்கார்ந்திருந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் கட்டிலில் கிடந்த பெண்ணே பதில் சொன்னாள்.

“அவ வெளியதான் நிக்கிறா, அம்மா. உள்ள எடமில்ல.”

குவோ அத்தை செருப்பைக்கூடப் போடாமல் ஓடி வந்துவிட்டாள். வெளியே என்றால் எங்கே? தோங் யாச்சின் வளாகத்துக் கதவுகளுக்குப் பின்னாலெல்லாம் தேடினாள், சைக்கிள் கொட்டகையில் தேடினாள், ஆற்றங்கரையில் பனி பூத்துக் கிடந்த வில்லோ மரங்களுக்கு நடுவே பெயர் சொல்லிக் கத்தினாள். அந்தக் குரலைக் கேட்டவர்கள் எவரும் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் மத்தியானம் பீ மிங்தேயை மொழிபெயர்ப்புக்கு இழுத்துக்கொண்டு மூன்றாவது மாடிக்குப் போனாள்.

“என் பொண்ணுக்கு வெச்சியே, அது யாரு பேரு?”

பீ மிங்தே தொண்டையைக் கனைத்து, “தோங் அக்கா உங்கள் நலத்தை விசாரிக்கிறார்,” என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தார்.

“பீ சார், சர்க்கரை போடாமச் சொல்லுங்க!”

அதற்கு அவசியமே இருக்கவில்லை. நெரிஸுக்கு எங்கள் பாஷை அதற்குள் அந்த அளவுக்கு வந்திருந்தது. ஒரே தங்கை, பதினோரு வயதில் கடல் கொண்டுபோய்விட்டது, உடம்பு கிடைக்கவில்லை என்று சின்னச் சின்ன வாக்கியங்களாகச் சொன்னாள். கல்லறை இருக்கிறதா என்று தோங் யாச்சின் கேட்டாள். இல்லை. அவளுக்காகக் காகிதப் பணம் எரித்தீர்களா? இல்லை. சாப்பாடு வைத்தீர்களா? அப்படியொரு பழக்கமே எங்களுக்கு இல்லை என்றாள் டீச்சர். தோங் யாச்சின் தலையில் கைவைத்துக்கொண்டு ஃபிளாஸ்க்குக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“எடம் இல்லாதவளப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்க. வராம என்ன செய்வா அந்தப் புள்ள? நீ கூப்பிட்டவ, நீயே கூப்பிட்டு உன் வீட்டுல வெச்சுக்க.”

கூப்பிட்டால் என்ன ஆகும் என்பதைப் பீ மிங்தே விளக்கினார். அழைத்து உள்ளே விட்டவர் வீட்டைக் காலி செய்ய முடியாது. வந்தவள் கூடவே கப்பலிலும் விமானத்திலும் வரமாட்டாள். வீடு பூட்டிக் கிடந்தால் மறுபடி கீழே ஷாவ்ருய்யிடமே இறங்கிப் போவாள். நெரிஸ் மறுத்துத் தலையாட்டினாள்.

“ஜூன்ல நான் ஊருக்குப் போகணும். அம்மா காத்திருக்காங்க.”

“நானும் அம்மாதான்டி,” என்றாள் தோங் யாச்சின். “நீ எங்க வேணாப் போ. என் பொண்ணக் குடுத்துட்டுப் போ.”

அன்று நெரிஸ் கதவைச் சாத்திக்கொண்டாள். நாங்கள் அவளைக் குறை சொல்லவில்லை. இருபத்திரண்டு வயதில், பாலாடைக்கட்டிகூடக் கிடைக்காத ஊரில் ஆயுசுக்கும் இரு என்றால் யார்தான் உடனே சரி என்பார்கள்? மறுநாள் பொழுது சாயும்போது அவள் கீழே வந்து, ஷாவ்ருய் படுத்திருந்த அறை வாசலில் நின்று கொஞ்சநேரம் பார்த்தாள். பெண் இவளைப் பார்த்து இருமினாள், வாயோரம் நுரையும் தண்ணீரும் வந்தன. நெரிஸ் விறுவிறுவென்று மாடியேறிப் போய்த் தன் கதவை அகலத் திறந்து வைத்தாள். தன் மேல்கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். எங்களுக்குப் புரியாத அவள் வீட்டு மொழியில் இன்னும் என்னென்னவோ சொன்னாள். படிக்கட்டில் ஈரக்கால்கள் ஏறும் சத்தம் மூன்று மாடிக்கும் கேட்டது. கோஸ் அடுக்குகளை ஒட்டி நின்றவர்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள். பிறகு கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

ஷாவ்ருய் எழுந்து உட்கார்ந்து, பசிக்கிறது, இவ்வளவு நேரம் ஏன் என்னை வெளியே நிற்க வைத்தாய் என்று அம்மாவோடு சண்டை பிடித்தாள். ஓர் ஆங்கிலச் சொல் மிச்சமில்லை. தலைமையாசிரியர் வெகுவாக வருத்தப்பட்டார், ஆனால் சான்றிதழைக் கழற்றவில்லை. ஜூன் வந்தது, நெரிஸ் போகவில்லை. அடுத்த ஜூனிலும் போகவில்லை. பேரம் பேசக் கற்றுக்கொண்டாள், ஊறுகாய் போடக் கற்றுக்கொண்டாள், திருட்டுப் போன சைக்கிளுக்குப் பதிலாக வேறெவருடையதோ திருட்டு சைக்கிளை வாங்கினாள். அவளைப் பெற்றவள் ஒரு கோடையில் வந்தாள். வாசலிலேயே பெட்டியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடியவள், விசா முடிகிறவரை இளைய மகளின் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தாள். திரும்பும்போது அவளைக் கைத்தாங்கலாகத்தான் ரயிலேற்ற வேண்டியிருந்தது. மறுபடி வரவில்லை. இரண்டாம் வருடமே சீனம் நன்றாகப் பேசிய அந்தச் சின்னப் பெண், எங்கள் எல்லார் கண்ணிலும் படிக்கட்டில் பட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஒரு குளிர்காலத்தில் அவள் சடையிலிருந்து சொட்டிய நீர் உறைந்த படியில் வழுக்கி விழுந்து குவோ அத்தை இடுப்பு ஒடிந்து, அந்த வசந்தத்தில் இறந்துபோனாள். அதற்குப் பிறகு கைப்பிடி வைத்தார்கள்.

நெரிஸுக்கு நரை விழுந்தது. வளாகத்துக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் அந்தப் பெண்ணை அவளுடைய மகள் என்றே நினைத்தார்கள். ஆலைகள் மூடின, கொதிநீர்க்கூடத்தை இடித்தார்கள், தோங் யாச்சினின் முழங்கால் போனது. ஷாவ்ருய் தெற்கே ஷென்ஜென்னுக்கு வேலைக்குப் போனாள். முதலில் ஒவ்வொரு புத்தாண்டுக்கும் வந்தாள், பிறகு வருடம் விட்டு வந்தாள், பிறகு தொலைபேசினாள். பேசினாலும் ஒரு நிமிடத்துக்கு மேல் பேச்சு ஓடாது. உயிரைக் கொடுத்து மீட்ட பெண் என்று தோங் யாச்சின் யாரிடமும் சொல்லிக்காட்டியதில்லை. ஆனால் ரயில் வரும் நேரத்தில் சன்னலோரம் போய் நிற்பதை விடவில்லை.

சென்ற புத்தாண்டுக்கு முந்தின மாலை ஷாவ்ருய் தொலைபேசியில் கூப்பிட்டு, டிக்கெட் கிடைக்கவில்லை என்றாள். அதற்கு முந்தின வருடமும் கிடைக்கவில்லை. தோங் யாச்சின் புத்தாண்டுக் கொழுக்கட்டைக்காக இருவருக்கென்று பிசைந்த மாவைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். வெளியே பட்டாசு வெடிக்கத் தொடங்கியபோது யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தாள். நெரிஸ் மாடி வளைவில் கையில் பூண்டுக் கிண்ணத்தோடு தயங்கி நின்றாள். வாசலில் அந்தப் பதினோரு வயதுப் பெண் சொட்டச் சொட்ட நின்று, “அம்மா, குளிருது,” என்றாள்.

 தோங் யாச்சின் உள்ளே போய் முக்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, அதற்குக் கீழே துணி துவைக்கும் தொட்டியைத் தள்ளி வைத்தாள்.

“வா, வந்து உக்காரு. கதவச் சாத்து, சூடு வெளிய போவுது. நெரிஸ், நீ என்ன அங்கயே நின்னுட்ட? வந்து மாவ உருட்டு.”