தேருக்குப் போன பெட்டரி

டமார்!

துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். எதிர்க் கடைக் கூரையிலிருந்த காகங்கள் சிதறின. நிமிர்ந்து பார்த்தேன். டொக்டர் கனகசுந்தரத்தின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒரு கொத்துக் கரும்புகையைக் கக்கிவிட்டு, எங்கள் கராஜ் வாசல் ஏற்றத்திலேயே நின்றுபோனது.

டொக்டர் கதவைத் திறந்து இறங்கினார். பதுளை ஆஸ்பத்திரியில் இருபது வருடமாக வேலை பார்க்கும் மனிதர். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. இன்று கேட்டேன்.

"விஜேந்திரன்! திங்கட்கிழமை இதை உங்களிட்டை இருந்து நல்லாத்தானே எடுத்துக்கொண்டு போனனான்?"

"ஆமாங்கய்யா."

"நேற்றுப் பின்னேரம் எல்ல ஊர் ஏத்தத்திலை நல்ல பனிமூட்டம். ரெண்டு லைற்றும் மங்கி மங்கி அணைஞ்சு போச்சு. எஞ்சினும் நிண்டுட்டுது. பக்கத்திலை என்ரை மகள் துவாரகா இருக்கிறாள். வளைவாலை ஒரு மர லொறி வருது. ஒரு சாண், விஜேந்திரன். ஒரு சாணிலை தப்பினம். இண்டைக்குக் காலமை பெட்டரியை சார்ஜ் பண்ணித்தான் இஞ்சை வரைக்கும் கொண்டு வந்தனான். பிள்ளை இந்தக் காருக்குக் கிட்டவும் வாறாளில்லை."

சத்தம் கேட்டு முதலாளி வீரசிங்கம் தேத்தண்ணிக் கோப்பையோடு வெளியே வந்தார்.

"கடைசியா இதுல கை வச்சது யாருடா?"

ஒரு வேனுக்கு அடியிலிருந்து காமில் எழுந்து வந்தான். "நான்தான் முதலாளி. திங்கக்கெழம புது ஹோர்ன் மாட்டினேன்."

"ஹோர்ன் அடிக்குதா?"

"அடிக்குது முதலாளி."

"ஆமா, வண்டியில அது ஒண்ணுதான் அடிக்குது!" கோப்பையைப் படியில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "விஜேந்திரா, நீ பாத்துச் சொல்லு. இவன் வயர் வேலையாலதான்னா, நாளையிலருந்து இவன் வர வேணாம். ஒரு பிள்ளையோட உசுரு போகப் பாத்திருக்கு."

காமிலுக்கு முப்பது வயது. நாலு வருடமாக எங்களோடு இருக்கிறான். அவன் மனைவி றின்ஸாவுக்கு இது ஒன்பதாவது மாதம். அவன் என்னிடம் ஒன்றும் கெஞ்சவில்லை.

"பாருங்கண்ணே" என்றான். அவ்வளவுதான்.

நான் பொனெட்டைத் திறந்தேன். முதலில் ஹோர்ன் வயரைத்தான் பார்த்தேன். அதில் குற்றம் இருந்துவிட வேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டதை இங்கே மறைக்க முடியாது. குற்றம் இல்லை. தனி ஃபியூஸ் போட்டு, வண்டியின் உடம்பில் உரசாதபடி டேப் சுற்றி, நான் சொல்லிக்கொடுத்ததைவிடச் சுத்தமாகச் செய்திருந்தான்.

பெட்டரியில் மீட்டர் வைத்தேன். பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது. காலையில் ஏற்றிய சார்ஜ் பதுளையிலிருந்து பண்டாரவளைக்கு வருவதற்குள் தீர்ந்திருந்தது. கராஜ் பெட்டரியை அதே மாதிரி இணைத்து எஞ்சினை ஓடவிட்டேன். வேகம் கூட்டியும் மீட்டர் முள் ஏறவில்லை. ஓடும்போது பெட்டரிக்குத் திரும்பி வர வேண்டிய கரண்ட் வரவே இல்லை. டைனமோவின் பெல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது. அப்படியென்றால் மிச்சம் இருப்பது ஒரே இடம், கரண்டைக் கட்டுப்படுத்தும் சின்னக் கறுப்புப் பெட்டி.

மூடியைக் கழற்றினேன். உள்ளே முனைகள் கருகிப் போயிருந்தன.

பழசானதால் கருகியதல்ல இது. பெட்டிக்குப் பக்கத்தில் எண்ணெய்த் தூசி படிந்த ஒரு பித்தளைத் தகடு. கட்டைவிரலால் துடைத்தேன். 'பொசிட்டிவ் எர்த்' என்று இங்கிலீஷில் எழுத்துகள் தெரிந்தன. பக்கத்தில் ஒரு கூட்டல் குறி. இந்த வண்டியில் பெட்டரியின் கூட்டல் முனைதான், அதாவது சிவப்பு முனைதான், உடம்போடு சேர வேண்டும் என்று அர்த்தம்.

கை அப்படியே நின்றுவிட்டது.

போன சனிக்கிழமை பூனாகலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து அம்மன் தேர். தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்கள் எல்லாவற்றுக்கும் தேர் போகும்; ஒவ்வொரு வாசலிலும் நிறைகுடம் வைத்துக் காத்திருப்பார்கள். தேர் இருட்டில் ஒரு வாசலைத் தாண்டிவிட்டால் அந்த வீட்டுக்கு ஆகாது என்பது எங்கள் தோட்டத்து நம்பிக்கை. அன்றைக்குப் பார்த்து ஜெனரேட்டர்காரன் வரவில்லை. கமிட்டியில் லைட் பொறுப்பு என்னுடையது. பிரேக் வேலைக்காகக் கராஜில் நின்ற இந்தக் காரின் பெட்டரியைக் கழற்றி, யாரிடமும் சொல்லாமல் கொண்டுபோனேன். தேர் முழுக்க வெளிச்சம். பூசாரி பெட்டரிக்கும் சந்தனம் தடவி மூன்று குங்குமப் பொட்டு வைத்தார்.

ஞாயிறு காலை திரும்ப மாட்டும்போதுதான் கவனித்தேன். சிவப்பு முனையின் வயர் வண்டியின் உடம்புக்குப் போயிருந்தது. 'எவனோ மடையன் மாத்திக் குடுத்திருக்கான்' என்று சிரித்துக்கொண்டே, நான் தினமும் பார்க்கிற வண்டிகளைப் போலக் கறுப்பு முனையை உடம்போடு சேர்த்தேன். கிளிப் சரியாகப் பொருந்தவில்லை. சுத்தியலால் தட்டிப் பொருத்தினேன். அறுபது வருடத்துக்கு முந்தைய இந்த மாதிரி வண்டிகளுக்கு எல்லாம் தலைகீழ் என்று எனக்குத் தெரியவில்லை. அந்தத் தகட்டை அன்றைக்கே துடைத்துப் பார்த்திருந்தால் போதும்.

திடீரென்று பொட்டு ஞாபகம் வந்தது. குனிந்து பெட்டரியின் மேல்மூடியைப் பார்த்தேன். குங்குமம் இல்லை. சந்தனமும் இல்லை. மழைத் தண்ணீர் இறங்கிக் கழுவியிருக்கும். ஆத்தா காப்பாற்றிவிட்டாள் என்று நினைத்தேன். நினைத்த மறுகணமே எனக்கே கூசியது.

"என்னடா, ஹோர்ன் வயரா?" முதலாளி பின்னால் நின்றார்.

போன வருடம் வாடிக்கையாளர் ஒருவரின் ஜாக்கியை ஒரு பின்னேரத்துக்கு இரவல் கொண்டுபோனவனை, இதே இடத்தில் நிறுத்தி வெளியே அனுப்பியவர் இவர். எனக்கு இங்கே பதினோரு வருட வேலை. டொக்டர் கண்ணாடியைத் துடைத்தபடி என்னைப் பார்த்தார். காமில் பார்க்கவில்லை; கையிலிருந்த ஸ்பேனரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"இருக்கலாம் முதலாளி" என்றேன்.

முதலாளி காமிலிடம், "நாளையிலருந்து வர வேணாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பழைய சாமான்களில் தேடி வேறொரு கறுப்புப் பெட்டி எடுத்து மாட்டினேன். பெட்டரிக்குச் சார்ஜ் ஏற்றி, தேருக்கு முன்பிருந்தபடி சிவப்பு முனையை உடம்போடு சேர்த்து மாட்டினேன். டைனமோவும் பழைய திசைக்குத் திரும்புவதற்காக, அதற்கு ஒரு நொடி பெட்டரிக் கரண்டைத் தொட்டுக் காட்டினேன். முதல் சாவியிலேயே எஞ்சின் உறுமியது. மீட்டர் முள் பதினாலுக்கு ஏறியது.

"உங்கடை கை கைதான், விஜேந்திரன்" என்று டொக்டர் என் தோளில் தட்டினார். தட்டிய இடம் எரிந்தது.

காமில் கை கழுவி, சட்டை மாற்றி, சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தான். பின்னாலேயே ஓடினேன்.

"காமில், ரெண்டு நாள் பொறு. முதலாளிக்குக் கோவம் எறங்கட்டும். நான் பேசுறேன்."

அவன் குடையை விரித்தான். பிறகு திரும்பி என் முகத்தைப் பார்த்தான்.

"பெட்டரி மேல இருந்த குங்குமத்த, முதலாளி கண்ணுல பட்டுரக்கூடாதுன்னு திங்கக்கெழமையே தொடச்சது நான்தாண்ணே, இன்னைக்கு நீங்களே சொல்லிருவீங்கன்னு நெனச்சேன்."